தன்னுடல் தாக்குக் கல்லீரல் நோய்களும் இறவா உயிரணு ஆய்வும்

தன்னுடல் தாக்குக் கல்லீரல் நோய்கள் என்பவை, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் சொந்தக் கல்லீரலையோ அதனுள் உள்ள பித்தநாளங்களையோ அயற்பொருளாகக் கருதித் தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட நோய்கள் ஆகும். இறவா உயிரணுக்கள் என்பவை, இயல்பான உயிரணுக்களைப் போலக் குறிப்பிட்ட தடவைகள் பிரிந்தபின் நின்றுவிடாமல், ஆய்வுகூடத்தில் எல்லையின்றிப் பெருகிக்கொண்டே இருக்கும் உயிரணுக்கள் ஆகும். ஒரே மூலத்திலிருந்து பெறப்பட்டு இவ்வாறு தொடர்ந்து வளர்க்கப்படும் உயிரணுக்கள் ஓர் உயிரணுத் தொடர் எனப்படுகின்றன.

இந்நோய்களைக் கண்டறியும் முதன்மையான குருதிச் சோதனைகளில் ஒன்று இறவா உயிரணுக்களைக் கொண்டே செய்யப்படுகின்றது. நோய் தோன்றும் முறைபற்றி இன்று அறியப்பட்டவற்றுள் கணிசமான பகுதியும் இவ்வுயிரணுக்கள் மூலம் கிடைத்ததே. எனினும் இதில் ஓர் அடிப்படை முரண் உள்ளது. இந்நோய்களில் நிகழ்வது உயிரணுக்களின் இறப்பு. ஆய்வுக்குப் பயன்படுவதோ இறக்காதிருக்கும்படி மாற்றப்பட்ட உயிரணு. இம்முரணையும், உயிரணுத் தொடர்களின் அடையாளக் குழப்பத்தையும் கருத்தில் கொள்ளாமல் இத்துறையின் ஆய்வு முடிவுகளை மதிப்பிட இயலாது.

நோய்கள்

இவ்வகையில் மூன்று நோய்கள் முதன்மையானவை. முதலாவது தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சி. இதில் கல்லீரலின் பெரும்பகுதியாக அமைந்துள்ள கல்லீரல் உயிரணுக்களே தாக்கப்படுகின்றன. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். 1950 ஆம் ஆண்டில் சுவீடன் மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ரோம், இளம்பெண்களில் மஞ்சள் காமாலையுடனும் குருதியில் மிகுந்த காமா குளோபுலின் புரதத்துடனும் காணப்பட்ட நாட்பட்ட கல்லீரல் அழற்சியை விவரித்தார். 1956 இல் ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இயன் மெக்கேயும் உடன் ஆய்வாளர்களும், லூப்பசு நோய்க்குரிய குருதி அடையாளங்கள் இத்தகைய நோயாளிகளிலும் காணப்படுவதைக் கண்டு இதனை லூப்பசு போன்ற கல்லீரல் அழற்சி என அழைத்தனர். தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சி என்ற பெயரை 1965 இல் முன்வைத்தவர்களும் மெக்கே குழுவினரே. கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் பி, சி தீநுண்மங்களுக்கான சோதனைகள் அப்போது இல்லை என்பதை நினைவிற்கொண்டால், இவர்கள் செய்த பாகுபாட்டின் அருமை புலப்படும்.

சிகிச்சை அளிக்கப்படாத கடுமையான நோயாளிகளில் பலர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். 1970களின் தொடக்கத்தில் இலண்டனிலும் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்திலும் நடத்தப்பட்ட ஒப்பீட்டுச் சோதனைகள், பிரெட்னிசோலோன் வகை மருந்துகள் இறப்பைப் பெரிதும் குறைப்பதை நிறுவின. இன்றும் இம்மருந்துகளும் அசாத்தியோப்ரினுமே சிகிச்சையின் அடிப்படையாக உள்ளன. நோயெதிர்ப்பைப் பொதுவாக அடக்கும் மருந்துகள் இவை. நோயின் குறிப்பிட்ட காரணத்தை நோக்கியவை அல்ல.

இரண்டாவது, முதன்மைப் பித்தநாள அழற்சி. இது கல்லீரலினுள் உள்ள மிகச்சிறிய பித்தநாளங்களை அழிக்கின்றது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நடுத்தர வயதினர். ஓயாத அரிப்பும், ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பும் முக்கிய அறிகுறிகள். 1851 இல் இலண்டனில் தாமஸ் அடிசனும் வில்லியம் கல்லும் இதனை முதலில் விவரித்தனர். 1950 முதல் முதன்மைப் பித்தநாள இழைநார் வளர்ச்சி என வழங்கிய பெயர் 2015 இல் மாற்றப்பட்டது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இழைநார் வளர்ச்சி நிலை வருவதில்லை என்பது ஒரு காரணம். அச்சொல்லைக் கேட்டவுடன் பிறர் மதுப்பழக்கத்தை எண்ணிக்கொள்வதால், மதுவைத் தொட்டிராத பெண்களும் அவப்பெயரைச் சுமக்க நேர்ந்தது மற்றொரு காரணம். பெயர் மாற்றத்தை வலியுறுத்தியவர்களுள் நோயாளர் அமைப்புகள் முன்னின்றன.

மூன்றாவதான முதன்மைத் தழும்பாக்கப் பித்தநாள அழற்சி, பெரிய பித்தநாளங்களையும் தாக்குவது. ஆண்களில் மிகுதியாகக் காணப்படுவது. குடற்புண் அழற்சியுடன் அடிக்கடி சேர்ந்து வருவது. இது முழுமையாகத் தன்னுடல் தாக்குநோய்தானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இறவா உயிரணு ஏன் தேவைப்படுகின்றது

நோயாளியின் கல்லீரலிலிருந்து ஊசிமூலம் எடுக்கப்படும் திசு, ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள நூல் போன்றது. அது ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். கல்லீரல் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து வளர்ப்புத் தட்டில் இட்டாலோ, அவை சில நாட்களிலேயே மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் உள்ளிட்ட தம் சிறப்புப் பண்புகளை இழக்கத் தொடங்குகின்றன. பித்தநாள உயிரணுக்களின் நிலை இன்னும் கடினமானது. கல்லீரலின் மொத்த உயிரணுக்களில் அவை நூற்றில் மூன்று முதல் ஐந்து வரையே, பிரித்தெடுப்பதே அரிது.

1961 இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த லெனார்டு ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும், இயல்பான மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 தடவைகள் பிரிந்தபின் நின்றுவிடுவதைக் காட்டினர். ஒவ்வொரு பிரிவின்போதும் நிறப்புரிகளின் முனைகளில் உள்ள டெலோமியர் எனும் பகுதி சிறிது குறைவதே இதற்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. இவ்வெல்லையைக் கடந்த உயிரணுக்கள் மூன்று வழிகளில் பெறப்படுகின்றன.

முதல் வழி, ஏற்கெனவே எல்லையைக் கடந்துவிட்ட புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து எடுப்பது. அர்சென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனின் கல்லீரல் கட்டியிலிருந்து பெறப்பட்ட ஹெப்-ஜி2 இதற்கு எடுத்துக்காட்டு. அல்புமின் உள்ளிட்ட குருதிப் புரதங்களைச் சுரக்கும் இத்தொடர், உலகில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் கல்லீரல் உயிரணு எனலாம். வளர்ந்தோருக்கு வரும் கல்லீரல் புற்றாகவே நெடுங்காலம் குறிக்கப்பட்ட இது, உண்மையில் குழந்தைகளுக்கு வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா வகையைச் சேர்ந்தது என்பது 2009 இல் சுட்டிக்காட்டப்பட்டது. இரண்டாவது வழி, குரங்குகளில் காணப்படும் எஸ்.வி.40 என்ற தீநுண்மத்தின் மரபணு ஒன்றை இயல்பான உயிரணுவுக்குள் செலுத்துவது. 1994 இல் வெளியிடப்பட்ட எச்69 என்னும் மனிதப் பித்தநாள உயிரணுத் தொடர் இவ்வாறு பெறப்பட்டதே. மூன்றாவது, டெலோமியரை மீண்டும் நீளச் செய்யும் டெலோமரேசு நொதியின் மரபணுவைச் செலுத்துவது. இம்முறை 1998 இல் நிறுவப்பட்டது. உயிரணுவின் பிற ஒழுங்குகளை அதிகம் குலைக்காத வழி இதுவே எனினும், எல்லா வகை உயிரணுக்களுக்கும் இது மட்டும் போதுவதில்லை.

நோயறிதலில் எச்.ஈ.பி-2

தன்னுடல் தாக்குக் கல்லீரல் நோய் ஐயுறப்படும் ஒருவரின் குருதியில் தேடப்படுபவை, தன் சொந்த உயிரணுக்களையே பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் ஆகும். (கிருமிகளை அடையாளம் கண்டு பற்றுவதற்காக உடல் உருவாக்கும் புரதமே பிறபொருளெதிரி.) இவற்றைக் காண, எச்.ஈ.பி-2 என்னும் இறவா உயிரணுக்கள் பரப்பப்பட்ட கண்ணாடித் தகட்டின்மீது நோயாளியின் நீர்க்கப்பட்ட சீரம் இடப்படுகின்றது. பின்னர் தகடு கழுவப்பட்டு, மனிதப் பிறபொருளெதிரிகளைப் பற்றும் ஒளிர் சாயம் ஏற்றப்படுகின்றது. நோயாளியின் பிறபொருளெதிரி உயிரணுவின் எந்த உறுப்பில் ஒட்டியதோ, அந்த உறுப்பு நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும்.

இதற்கு முன்பு எலியின் சிறுநீரகம், கல்லீரல், இரைப்பை ஆகியவற்றின் மெல்லிய சீவல்களே பயன்பட்டன. பல ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகின்றன. எச்.ஈ.பி-2 உயிரணுக்களின் கரு பெரியது, பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களையும் ஒரே தகட்டில் காணலாம், புரதங்கள் மனிதருடையவை. இவ்வசதிகளால் நுண்ணிய ஒளிர்வு வடிவங்களையும் வேறுபடுத்த முடிந்தது. கரு முழுவதும் சீராக ஒளிர்வது தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சியில் அடிக்கடி காணப்படுவது. கருவினுள் 6 முதல் 20 வரையான தனித்தனிப் புள்ளிகள் ஒளிர்ந்தால் அது எஸ்.பி.100 என்ற புரதத்துக்கு எதிரானது. கருவின் விளிம்பு புள்ளிகளாலான வளையம்போல ஒளிர்ந்தால் ஜி.பி.210 என்ற புரதத்துக்கு எதிரானதாக இருக்கலாம். இவ்விரண்டும் முதன்மைப் பித்தநாள அழற்சியைச் சுட்டுபவை. அந்நோய்க்குரிய வழக்கமான பிறபொருளெதிரி காணப்படாத நோயாளிகளில், இவ்வடிவங்களே நோயை வெளிப்படுத்துகின்றன. ஜி.பி.210 எதிர்ப்பு உள்ளோரில் நோய் கடுமையாக முற்றும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இது பெயர்சூட்டும் வேலை மட்டுமன்று.

ஆயினும் இச்சோதனைக்கு இரு குறைகள் உள்ளன. முதலாவது, மிகையான உணர்திறன். 1997 இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், நோயற்றவர்களின் சீரத்தை 40 மடங்கு நீர்த்து எச்.ஈ.பி-2 மீது இட்டபோது 31.7 விழுக்காட்டினரிடம் ஒளிர்வு காணப்பட்டது. 160 மடங்கு நீர்த்தபோது இது 5 விழுக்காடாகக் குறைந்தது. தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சிக்கான 2008 ஆம் ஆண்டின் எளிய மதிப்பெண் முறையோ 40 மடங்கு நீர்ப்பிலேயே ஒரு மதிப்பெண் வழங்குகின்றது. அவ்வளவு எலித் திசுவை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது, எச்.ஈ.பி-2 முடிவை அதே அளவுகோலில் வைத்துப் படித்தால் நோயில்லாதவருக்கு மதிப்பெண் சேர்ந்துவிடும். இதனாலேயே இத்துறையின் பன்னாட்டுக் குழு 2004 இல், முதற்கட்டச் சோதனைக்கு எலித் திசுவையும், வடிவத்தை வேறுபடுத்துவதற்கு எச்.ஈ.பி-2 உயிரணுவையும் பரிந்துரைத்தது. எச்.ஈ.பி-2 உயிரணுவை முதற்கட்டத்தில் பயன்படுத்தும் ஆய்வகங்கள் தம் எல்லை அளவைத் தனியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் சிறார்களைத் தாக்கும் இரண்டாம் வகைத் தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சியில், பிறபொருளெதிரி பற்றும் இலக்கு சி.ஒய்.பி.2டி6 எனும் கல்லீரல் நொதி. மருந்துகளைச் சிதைப்பது இந்நொதியின் பணி. கல்லீரல் அல்லாத இறவா உயிரணுவில் இதற்கு வேலை இல்லாததால், எச்.ஈ.பி-2 உயிரணுவை மட்டும் நம்பும் ஆய்வகம் இந்நோயைத் தவறவிடக்கூடும். எலியின் கல்லீரல், சிறுநீரகச் சீவலில் அது தெளிவாக ஒளிரும். இந்நோய் சிறாரில் விரைந்து கடுமையாவது வழக்கம் என்பதால், தகட்டில் எந்த உயிரணு இருந்தது என்பதை மருத்துவர் கேட்டறிவது தேவையாகின்றது.

இழைமணிப் புதிர்

முதன்மைப் பித்தநாள அழற்சியின் தனி அடையாளம், உயிரணுவின் ஆற்றல் நிலையமான இழைமணியை (மைட்டோகாண்ட்ரியா) எதிர்க்கும் பிறபொருளெதிரி ஆகும். 1965 இல் இலண்டனில் வாக்கர், டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட், ஷீலா ஷெர்லாக் ஆகியோர் இதனை வெளியிட்டனர். நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரிடம் இது உள்ளது; நோய் அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குருதியில் காணப்படுவதும் உண்டு.

இழைமணியின் எந்தப் புரதம் இலக்கு என்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியாதிருந்தது. 1987 இல் எரிக் கெர்ஷ்வின், மெக்கே, ஸ்டர்ஜஸ், காப்பெல் ஆகியோர், எலிக் கல்லீரலின் மரபணுத் தொகுப்பை நுண்ணுயிரில் வெளிப்படச் செய்து, நோயாளியின் சீரத்தையே தேடுகருவியாகக் கொண்டு இலக்குப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு அப்புரதம் பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் நொதித் தொகுதியின் ஈ2 கூறு (பி.டி.சி-ஈ2) என இனங்காணப்பட்டது. அப்புரதத்தில் லிப்போயிக் அமிலம் இணைந்துள்ள பகுதியையே பிறபொருளெதிரி பற்றுகின்றது.

விடை கிடைத்தவுடன் புதிர் பெரிதாயிற்று. பி.டி.சி-ஈ2, இழைமணி உள்ள எல்லா உயிரணுக்களிலும் உள்ளது. இதயத் தசை, மூளை, தோல் என எங்கும் இருக்கும் ஒரு புரதத்தைத் தாக்கும் நோய், கல்லீரலின் சிறு பித்தநாளத்தை மட்டும் ஏன் அழிக்க வேண்டும்?

இக்கேள்விக்கு உயிரணு வளர்ப்பு ஆய்வுகளே முதல் துப்பைத் தந்தன. 2001 இல் ஓர் அமெரிக்கக் குழு, பல்வேறு வகை உயிரணுக்களைத் திட்டமிட்ட உயிரணு இறப்புக்கு உட்படுத்தி, இறந்தபின் அவற்றின் பி.டி.சி-ஈ2 புரதத்தைப் பிறபொருளெதிரி அடையாளம் காண்கின்றதா எனப் பார்த்தது. பிற உயிரணுக்களில் அப்புரதத்தின்மீது குளூட்டாதயோன் என்னும் மூலக்கூறு ஒட்டி இலக்கை மறைத்துவிட்டது. பித்தநாள உயிரணுக்களிலோ இலக்கு மறையாமல் எஞ்சியது. உயிரணு இறப்பைத் தடுக்கும் பி.சி.எல்-2 என்ற புரதத்தைப் பிற உயிரணுக்களில் மிகையாக உருவாக்கினால், அவற்றிலும் இலக்கு மறையவில்லை. உயிரணு உருவாக்கும் ஒரு புரதத்தை இவ்வாறு கூட்டிப் பார்ப்பது, எல்லையின்றிப் பெருகும் தொடர்களில் எளிது. ஊசியில் வந்த திசுவில் இயலாது.

2009 இல் கெர்ஷ்வின் குழுவைச் சேர்ந்த அனா யியோவும் பிறரும், இறக்கும் மனிதப் பித்தநாள உயிரணு உதிர்க்கும் நுண்குமிழ்களில் சிதையாத பி.டி.சி-ஈ2 வெளிவருவதைக் காட்டினர். அக்குமிழ்களும், இழைமணி எதிர்ப்பிகளும், நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட பெருவிழுங்கி உயிரணுக்களும் ஒன்றுசேரும்போது கடுமையான அழற்சி தூண்டப்படுவதும் அடுத்த ஆண்டு வெளியானது. பித்தநாள உயிரணு ஏன் முதலில் இறக்கத் தொடங்குகின்றது என்பது இதனால் விளங்கவில்லை.

பைகார்பனேட்டுக் குடை

அதற்கு ஒரு விளக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. பித்த உப்புகள் சோப்பைப் போன்றவை. உயிரணுச் சவ்வைக் கரைக்கவல்லவை. அவற்றுக்கு நடுவே வாழும் பித்தநாள உயிரணு, தன் மேற்பரப்பில் பைகார்பனேட்டைச் சுரந்து காரத்தன்மையுள்ள ஒரு படலத்தை வைத்துக்கொண்டு தப்பிக்கின்றது. காரச்சூழலில் பித்த உப்புகள் மின்னூட்டம் பெற்று, சவ்வைத் தாமாகக் கடக்க இயலாதவையாகின்றன. நெதர்லாந்தின் உல்ரிக் போயர்ஸ் குழுவினர் 2010 இல் முன்வைத்த இக்கருதுகோள் பைகார்பனேட்டுக் குடை எனப்படுகின்றது.

இக்குடையை விரிப்பது ஏ.ஈ.2 என்னும் அயனிமாற்றுப் புரதம். முதன்மைப் பித்தநாள அழற்சி நோயாளிகளின் கல்லீரலில் இப்புரதம் குறைந்திருப்பதை எசுப்பானியாவின் பாம்ப்லோனா நகர ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டிருந்தனர். 2012 இல் எச்69 போன்ற இறவாத் தொடர்களில் ஏ.ஈ.2 உருவாவதைக் குறைத்துப் பார்த்தபோது, பித்த உப்புகளின் நஞ்சு கூடுதலாகத் தாக்கி உயிரணு இறப்பு மிகுந்தது. இந்நோய்க்கு முதல் மருந்தாக உள்ள உர்சோடியாக்சிகோலிக் அமிலம் பித்தத்தில் பைகார்பனேட்டைக் கூட்டுவது, இவ்விளக்கத்துடன் பொருந்துகின்றது. அம்மருந்து பயன்பாட்டுக்கு வந்தது 1987 இல் பிரான்சில் ரவுல் பூப்போன் வெளியிட்ட மருத்துவ அவதானிப்பின் வழியே என்பதும், விளக்கம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கன.

உர்சோ மருந்துக்குப் போதிய பலன் காணாத நோயாளிகளுக்கென அமெரிக்காவில் 2016 இல் ஒப்புதல் பெற்ற ஒபெட்டிகோலிக் அமிலம், முற்றிய நோயாளிகளில் கல்லீரலுக்கே தீங்கு விளைவித்தமை முதலிய காரணங்களால் 2025 இல் அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. எலாஃபிப்ரனோர், செலாடெல்பார் ஆகிய இரு மருந்துகள் 2024 இல் அங்கு விரைவு ஒப்புதல் பெற்றன.

இறவாமையின் விலை

எஸ்.வி.40 மரபணு உருவாக்கும் புரதம், உயிரணுவின் பி53, ஆர்.பி. என்னும் இரு காவற் புரதங்களைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. சேதமடைந்த உயிரணுவை நிறுத்துவதும், தேவையானால் சாகச் செய்வதும் பி53 புரதத்தின் பணி. ஆகவே எச்69 உயிரணு எப்போது சாகின்றது என்று அளக்கும் ஆய்வாளர், சாவைத் தீர்மானிக்கும் முதன்மைப் பொறியின் கை கட்டப்பட்ட நிலையிலேயே அளக்கின்றார். கட்டப்படாத பிற வழிகளிலான இறப்பை அதில் நம்பகமாகக் காணலாம். பி53 வழியாக நிகழ்வதைக் காண இயலாது.

இன்னொரு சிக்கல் உயிரணு மூப்பு. சப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் மோட்டோகோ சசாகி, யசுனி நாகானுமா ஆகியோர், முதன்மைப் பித்தநாள அழற்சியில் சிதைந்துள்ள சிறு பித்தநாளங்களின் உயிரணுக்களில் டெலோமியர் குறுகியும் மூப்பின் அடையாளங்கள் மிகுந்தும் இருப்பதை 2008 வரையிலான ஆய்வுகளில் காட்டினர். அதாவது அவ்வுயிரணுக்கள் ஹேஃபிளிக் எல்லையை முன்கூட்டியே அடைந்துவிட்டவை போல் உள்ளன. மூப்படைந்த உயிரணு பிரிவதில்லை. ஆனால் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டிருக்கும். இந்நிலையை ஆராய, மூப்பே அடையாதபடி மாற்றப்பட்ட உயிரணுவைப் பயன்படுத்துவதன் இடர்ப்பாடு வெளிப்படையானது. ஒரு முடிவு இறவாத் தொடரில் கிடைத்தால், அதே முடிவு நோயாளியின் திசுவிலோ புதிதாகப் பிரித்தெடுத்த உயிரணுவிலோ உறுதிசெய்யப்பட்டதா எனப் பார்ப்பது ஆய்வுக்கட்டுரையைப் படிப்பவருக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அடையாளக் குழப்பம்

1954 இல் அமெரிக்க ஆய்வாளர் சாங், நோயற்ற மனிதத் திசுக்களிலிருந்து தொடர்ந்து வளரும் உயிரணுக்களைப் பெற்றதாக அறிவித்தார். அவற்றுள் ஒன்று, சாங் கல்லீரல் உயிரணு எனப் பெயர்பெற்று, இயல்பான மனிதக் கல்லீரல் என்ற நம்பிக்கையில் உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் பரவியது. உண்மையில் அது கல்லீரலே அன்று; ஹீலா.

ஹீலா என்பது, 1951 இல் பால்ட்டிமோரின் ஜான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் கருப்பைக் கழுத்துப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று அவ்வாண்டே இறந்த என்றியேட்டா லாக்ஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து ஜார்ஜ் கே வளர்த்த, மனிதரின் முதல் இறவா உயிரணுத் தொடர் ஆகும். வேகமாகப் பெருகும் இவ்வுயிரணு ஒன்று, கைதவறி வேறொரு குடுவையில் விழுந்தாலும் சில வாரங்களில் அங்குள்ள உயிரணுக்களை விஞ்சிவிடும். குடுவையின் மேல் ஒட்டிய பெயர் மட்டும் பழையதாக இருக்கும். 1966 இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்தனவாகக் கூறப்பட்ட பல தொடர்கள் அனைத்தும், பெரிதும் ஆப்பிரிக்க வழியினரிடம் காணப்படும் ஒரே நொதி வகையைக் கொண்டிருப்பதை ஒரு மாநாட்டில் எடுத்துக்காட்டினார். 1970களில் வால்டர் நெல்சன்-ரீஸ் நிறப்புரி அடையாளங்களைக் கொண்டு இதனை விரிவாக உறுதிசெய்தார். இரு அறிஞர்களுக்கும் கிடைத்தது பாராட்டைவிட எதிர்ப்பே மிகுதி.

சாங் கல்லீரலில் மட்டும் இக்குழப்பம் நின்றுவிடவில்லை. இயல்பான கல்லீரல் எனப் பயன்படுத்தப்பட்ட எல்-02, டபிள்யூ.ஆர்.எல்.-68 ஆகிய தொடர்களும் ஹீலா கலந்தவை என அறியப்பட்டுள்ளன. தாவரச் சாறுகளின் கல்லீரல் காக்கும் ஆற்றலைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் சாங் கல்லீரல் இயல்பான உயிரணுவாகக் காட்டப்பட்டுள்ளது; அவற்றில் அளக்கப்பட்டது கருப்பைக் கழுத்துப் புற்றின் எதிர்வினை.

நோயறிதலில் பயன்படும் எச்.ஈ.பி-2 கூட ஹீலாவே. குரல்வளைப் புற்றிலிருந்து பெறப்பட்டதாக 1950களில் அறிவிக்கப்பட்ட இத்தொடரும், நொதி வகை, நிறப்புரி, டி.என்.ஏ. ஆகிய மூன்று ஒப்பீடுகளாலும் ஹீலா எனத் தெளிவாகியுள்ளது. ஆனால் இங்கு விளைவு வேறு. குருதிச் சோதனைக்குத் தேவைப்படுவது பெரிய கருவுடைய ஒரு மனித உயிரணு மட்டுமே. அது குரல்வளையா கருப்பைக் கழுத்தா என்பதால் ஒளிர்வு வடிவம் பொய்யாவதில்லை. ஒரே கலப்பு, சாங் கல்லீரலை வைத்துச் செய்த ஆய்வை வீணாக்குகின்றது. நோயறிதலைப் பாதிக்காமல் விடுகின்றது.

லாக்ஸின் உயிரணுக்கள் அவரது இசைவின்றி எடுக்கப்பட்டவை. அவர் குடும்பத்தினருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இது தெரியாது. 2013 இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகம், ஹீலா மரபுத்தொகைத் தரவுகளைப் பெறும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தினருக்கு இடமளித்தது. உயிரணுக்களால் ஆதாயம் பெற்றதாக ஒரு நிறுவனத்தின்மீது குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2023 இல் இணக்கமாக முடிந்தது.

உயிரணுத் தொடர்களின் டி.என்.ஏ. கைரேகையைச் சரிபார்க்கும் தர முறை 2012 இல் வெளியிடப்பட்டது. பிழையான அடையாளம் உள்ள தொடர்களின் பட்டியலைப் பன்னாட்டுக் குழு ஒன்று பேணி வருகின்றது. ஹீலாவில் மனிதப் பாப்பிலோமா தீநுண்மத்தின் 18 ஆம் வகை டி.என்.ஏ. பதிந்திருப்பதால், கல்லீரல் எனப்படும் குடுவையில் அது காணப்பட்டாலே ஐயம் எழுப்பலாம்.

மாற்று வழிகள்

இறவாமையைத் தேவையானபோது மட்டும் வைத்துக்கொள்ளும் முயற்சியும் நடந்துள்ளது. 2000 ஆம் ஆண்டில் கோபயாசி முதலிய ஆய்வாளர்கள், எஸ்.வி.40 மரபணுவைச் செலுத்தி மனிதக் கல்லீரல் உயிரணுக்களைப் பெருக்கி, பின்னர் அம்மரபணுவை வெட்டி நீக்கி, கல்லீரல் செயலிழந்த எலிகளில் இட்டு அவற்றைப் பிழைக்க வைத்தனர். 2002 இல் பிரான்சில் வெளியிடப்பட்ட ஹெப்பா-ஆர்.ஜி. என்னும் தொடர், கட்டியிலிருந்து பெறப்பட்டதாயினும், தக்க ஊடகத்தில் மருந்து சிதைக்கும் நொதிகளை மீண்டும் உருவாக்குவதால் ஹெப்-ஜி2 உயிரணுவைவிடக் கல்லீரலுக்கு நெருக்கமானது.

கடந்த பத்தாண்டுகளில் ஆர்கனாய்டு எனப்படும் குறு உறுப்புகள் முன்னுக்கு வந்துள்ளன. நோயாளியின் சொந்த உயிரணுக்களை, புற்று மரபணு எதனையும் செலுத்தாமல், கூழ்மத்தினுள் முப்பரிமாணத்தில் வளர்ப்பதே இம்முறை. முதன்மைத் தழும்பாக்கப் பித்தநாள அழற்சியில், உட்காட்டியின் வழியே எடுக்கப்பட்ட பித்தநீரிலிருந்தே இவற்றை வளர்க்க இயலும் என்பது 2019 இல் காட்டப்பட்டது. 2021 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபோட்டியோஸ் சம்பசியோட்டிஸ் குழு, இவ்வாறு வளர்த்த பித்தநாள உயிரணுக்களை, உடலுக்கு வெளியே பேணப்பட்ட மனிதக் கல்லீரல்களின் நாளங்களில் செலுத்தியது. அவை நாளத்தில் ஒட்டி, பித்தத்தின் காரத்தன்மையையும் அளவையும் கூட்டின. அக்கல்லீரல்கள் தானமாகப் பெறப்பட்டு மாற்று அறுவைக்குத் தகுதியற்றவையெனக் கழிக்கப்பட்டவை.

ஆர்கனாய்டுகளில் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இல்லை. தாக்குதலைக் காண நோயாளியின் டி உயிரணுக்களைத் தனியே சேர்த்து வளர்க்க வேண்டும். வளர்ப்பு ஊடகத்தின் செலவும் மிகுதி.